எல்லுப்பொடி ஆகாத செடி

பத்தியம் தீர்ந்துபோன என் அன்பு அத்தானுக்கு,

நாங்கள் நலம். நீங்கள் இருக்கும் இடத்தில் மீன் உண்டா, இளநீர் குடிக்க விடுகிறார்களா என்று விசாரிக்க ஆசைதான். உங்கள் அடக்க ஆராதனையில் போதகர், பரலோகத்தில் ஆயத்தமாகியிருக்கும் பெரிய விருந்தைப் பற்றி உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தார். அப்போது அக்கா என் பக்கம் சாய்ந்து, "லே, அங்க உப்பு பாத்துப் போட ஆளு உண்டுமா?" என்று கேட்டாள். அழுதுகொண்டேதான் கேட்டாள்.

இந்தக் கடிதம் உங்கள் செடியைப் பற்றியது. இரும்புக் கேட்டுக்கு இடது பக்கம் நீங்கள் நட்டுவிட்டுப் போன அந்த ஆஸ்திரேலியச் செடி. அதற்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று. அதனால் உங்களிடம் கேட்க வேண்டிய சில கேள்விகளும் எழுந்தன. நீங்கள் இருந்தபோது கேட்டால் சிரித்தே மழுப்பிவிடுவீர்கள். இப்போது அந்த வசதி உங்களுக்கு இல்லை என்பதால் துணிந்து கேட்கிறேன்.

உங்களை அறியாதவர்களும் இதை வாசிக்கக்கூடும். ஆகவே உங்களுக்கு நன்றாகத் தெரிந்த சில விஷயங்களை உங்களுக்கே திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் என் அக்காவின் கணவர். பஸ் டிப்போவில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றீர்கள். உங்களைப் பார்த்து உங்கள் சிறுநீரகங்களும் ஓய்வுக்கு விண்ணப்பித்தன. மார்த்தாண்டத்து டாக்டர் உங்களுக்கு ஆகாதவற்றைச் சொல்லத் தொடங்கினார். இளநீர், ஏத்தன்பழம், மரச்சீனிக் கிழங்கு, கருவாடு, நெத்திலி, பால், கடலை. சுருக்கமாகச் சொன்னால் கன்னியாகுமரி மாவட்டம் ஆகாது. சோறு மட்டும் அளவாகச் சாப்பிடலாம் என்றார். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார். பாஸ்பரஸ். முள்ளோடு தின்னும் மீனில் அது உண்டு, கருவாட்டில் உண்டு, பருப்பில் உண்டு. உங்கள் சிறுநீரகத்தால் அதை வெளியே தள்ள முடியாது. அக்கா அந்தப் பெயரை, குடும்பத்தில் சொத்து வழக்கு போட்ட ஒரு சித்தப்பாவின் பெயரைச் சொல்வதுபோலத்தான் எப்போதும் சொல்வாள்.

நம் ஊரில் நோயாளியைப் பார்க்க யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. உங்களைப் பார்க்க வந்தவர்கள் ஏத்தன் குலையும் இளநீர்க் குலையும் கொண்டுவந்தார்கள். கடியப்பட்டணத்துச் சொந்தக்காரர்கள் ஐஸ் பெட்டியில் மீனே கொண்டுவந்தார்கள். அக்கா எல்லாவற்றையும் வாங்கி, நன்றி சொல்லி, பின்வாசல் வழியாக அடுத்த வீட்டுக்கு அனுப்பினாள். அந்த ஆண்டுகளில் அடுத்த வீட்டுக்காரர்கள் நல்ல நிறம் வைத்தார்கள்.

கல்யாண வீடுகளில்தான் போர். உங்கள் தங்கை எஸ்தர் பந்தியில் உங்களுக்குப் பின்னால் மீன்கறி வாளியோடு வந்து நிற்பாள். "அண்ணனுக்கு ஒரு துண்டு வெச்சா செத்தா போவாவ, மைனி?" என்பாள். அக்கா உங்கள் இலைக்கு மேல் கையைக் கவிழ்த்து விரித்து, "அவியளுக்கு ஆவாது. கொண்டு போ," என்பாள். குரலை உயர்த்த மாட்டாள். பந்தி முழுக்கத் திரும்பிப் பார்க்கும். கட்டின புருஷனைப் பட்டினி போடுகிறவள் என்ற பெயர் அவளுக்கு அப்படித்தான் வந்தது. நீங்கள் ஒன்றும் சொல்லாமல் மோர் குடிப்பீர்கள். அதுவும் அரை டம்ளர்.

இந்த நிலையில்தான் மகள் ஷைனியைப் பார்க்க பிரிஸ்பேன் போனீர்கள். சில மாதம் இருந்துவிட்டுத் திரும்பினீர்கள். எல்லோரும் சாக்லேட் எதிர்பார்த்தோம். நீங்கள் ஒரு செடியின் பெயரைக் கொண்டுவந்தீர்கள். கிரெவில்லியா. ஊட்டிப் பக்கத்து நர்சரி ஒன்றைத் தேடிப் பிடித்து, கன்றை பஸ்ஸில் வரவழைத்து, வீடு கட்டியபோது அஸ்திவாரத்திலிருந்து வெட்டிப் போட்ட செம்மண் குவியலில் நட்டீர்கள். அந்த மண்ணில் புல்கூட முளைத்ததில்லை. பிறகு எங்களைக் கூப்பிட்டு ஒரு சட்டம் போட்டீர்கள். "இதுக்கு யாரும் ஒண்ணும் குடுக்கப்பிடாது. சாணியும் வேண்டாம், சாம்பலும் வேண்டாம். வெள்ளம் மட்டும்."

வெறும் தண்ணீர் மட்டும் ஏன் என்று கேட்டோம். சிரித்தீர்கள். பத்தியம் இருந்து இருந்து மனிதர் செடியையும் பத்தியத்தில் போட்டுவிட்டார் என்று தெரு முடிவு செய்தது. தெரு எவ்வளவு அருகில் வந்து தவறவிட்டது என்று இப்போது தெரிகிறது.

செடி உங்கள் உயரத்துக்கு வளர்ந்தது. நம் ஊர்ச் செடிகளோடு அதற்கு முகச்சாயல் கிடையாது. இலை பெரணி போலக் கீறிக் கீறி இருக்கும். விளிம்பு கீழ்ப்பக்கமாகச் சுருண்டிருக்கும். மேலே பச்சை, அடியில் பட்டுப் போன்ற மயிர் படர்ந்த வெள்ளி. காற்றடித்தால் செடி முழுவதும் ஒரு கணம் நிறம் மாறித் திரும்பும். மலையில் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கிறதே சில்வர் ஓக், அது இதற்குப் பெரியப்பா மகன் முறை என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். உறவு தெரியாமல் நமக்கு எதையும் நெருக்கமாகப் பார்க்க வராது.

பூத்தபோது தெருவே வந்து பார்த்தது. "பாட்டில் கழுவுத பிரஷு மாதிரி இருக்கு," என்றார்கள். நீங்கள் பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்து, "சும்ம பாரும். என்ன காணுதுன்னு எனக்குச் சொல்லும்," என்றீர்கள். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் எனக்கு இன்னும் விடவில்லை.

நாம் ஒரு பூ என்று நினைத்தது பூவல்ல, கூட்டம். கிளை நுனியில் நூற்றுக்கணக்கான சின்னச் சிவப்புப் பூக்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் அதில் இதழே இல்லை. புறவிதழ், அகவிதழ் என்று பள்ளியில் படம் வரைந்து பாகம் குறித்தோமே, அந்தப் பாடத்தை இந்தச் செடி படிக்கவில்லை. நான்கு மடல்கள் சேர்ந்து ஒரு குழல், அவ்வளவுதான். மகரந்தப் பைகளுக்குக் காம்பும் கிடையாது. மடல்களின் நுனிக் குழியில் உள்பக்கமாக ஒட்டிக்கொண்டு ஒளிந்திருக்கின்றன.

விசித்திரம் அதன் சூல்தண்டில் இருக்கிறது. மொட்டு விரியும் முன்பே தண்டு நீளத் தொடங்குகிறது. ஆனால் அதன் தலை மடல்களின் பிடியில் மாட்டியிருக்கிறது. தலையை விடமாட்டேன் என்கிறது மடல். வளராமல் இருக்கமாட்டேன் என்கிறது தண்டு. நடுவில் குழல் பிளந்து, தண்டு வளைந்து வெளியே பிதுங்கி, குடைக் கைப்பிடி போல நிற்கிறது. அந்தப் பிடிமானத்தின்போதே மகரந்தப் பைகள் உள்ளே வெடித்து, மகரந்தம் முழுவதையும் தண்டின் தலையில் பூசிவிடுகின்றன. பிறகு ஒரு காலையில் பிடி விடுகிறது. தண்டு நிமிர்கிறது. தலையில் மஞ்சள் பொடியோடு, கல்யாண வீட்டு வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நிற்கும் பெண்பிள்ளை போல நிற்கிறது, வருகிறவர் தலையில் பூச.

வருகிறவர் தேன்சிட்டு. தேனுக்காகத் தலையை நுழைக்கிறது. நெற்றியில் பொட்டு வாங்கிப் போகிறது. பொடியெல்லாம் போன பிறகுதான் அதே தலை, வேறு பூவின் பொடியை வாங்கும் சூல்முடியாக விழிக்கிறது. முதலில் கொடுத்துத் தீர்ப்பது, பிறகே வாங்குவது என்று முறை வைத்திருக்கிறது.

எனக்கு இரண்டு சந்தேகங்கள். இந்தப் பூவை நம் தேன்சிட்டின் பரம்பரையில் யாரும் பார்த்ததில்லை. முதல் பூ விரிந்த அன்றே அதற்கு யார் சொன்னது? இரண்டாவது, இந்தச் சுற்றுவட்டாரத்தில் இந்த இனத்தில் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். அப்படியானால் அது இவ்வளவு அக்கறையோடு தலையில் ஏந்தி நிற்கும் பொடி யாருக்கு?

நீங்கள் வாய் திறக்குமுன் டயாலிசிஸுக்கு வண்டி வந்துவிட்டது. அந்த மாசியில் போய்விட்டீர்கள்.

இனி நடந்தது உங்களுக்குத் தெரியாது.

துக்கம் கேட்க வந்தவர்கள் பழைய வழக்கத்தை மறக்கவில்லை. வெறுங்கையோடு வரக்கூடாது. ஆனால் கொடுப்பதற்கு நீங்கள் இல்லை. அவர்கள் அங்கும் இங்கும் பார்த்தார்கள். கேட்டருகே உங்கள் செடி நின்றது. "அவருக்க செடியாக்கும்," என்றார் யாரோ. அவ்வளவுதான். ஒருவர் சாணி கொண்டுவந்தார். ஒருவர் ஆட்டுப் புழுக்கை. மீன் விற்கும் அம்மாள் கூடையின் அடியில் மிஞ்சிய சாளையை வேரடியில் புதைத்துவிட்டு மூக்கைச் சிந்தினாள். உங்களோடு படித்த, புதுக்கடை ஊரில் உரக்கடை வைத்திருக்கும் டென்னிசன் ஒரு சாக்கு எல்லுப்பொடியைத் தோளில் சுமந்து வந்தார். மாட்டெலும்பை அரைத்த பொடி. தென்னைக்கு நம் ஊரில் அதற்கு மேல் மரியாதை கிடையாது. "செத்த தெங்கையும் எழுப்பும் மக்கா," என்று அழுதார். அவர் அழுததை நான் முதல்முறை பார்த்தேன்.

எல்லோரையும்விட அதிகமாகக் கொடுத்தது அக்கா. மீன் கழுவிய தண்ணீர், மீன் குடல், பருப்பு களைந்த தண்ணீர், ஆறிய பால். காலையும் மாலையும். உங்கள் சட்டம் என்னவாயிற்று என்று ஒருநாள் கேட்டேன். அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கடைசியா எனக்கிட்ட என்ன கேட்டாவ தெரியுமாலே? ஒரு துண்டு நெத்திலிக் கருவாடு. சுட்டுத் தரச் சொன்னாவ. நான் குடுக்கல்ல."

அவள் கேட்டின் துருவை நகத்தால் சுரண்டினாள்.

"மறுநாளு போயாச்சு. அந்த ஒரு துண்டு குடுத்திருந்தா என்ன ஆயிருக்கும்? ஊருல சொல்லுகது செரிதான். நான் பட்டினி போட்டு அனுப்பினேன். இதையாவது வயிறு நெறைய வெச்சுக்கிடுகேன்."

அத்தான், நான் நாலு புத்தகம் படித்தவன் என்று உங்களுக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. அன்று அந்த நாலு புத்தகத்தில் ஒன்றும் உதவவில்லை.

சித்திரையில் இலைகளின் விளிம்பு கருகத் தொடங்கியது. தளிர் மஞ்சளாக வந்தது. வெயில் என்றார்கள். பிறகு கண்திருஷ்டி என்றார்கள். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: இன்னொரு கூடை சாணி. செடி வாடினால் கொடுப்போம். கொடுத்து வாடினால் இன்னும் கொடுப்போம். டென்னிசன் இரண்டாவது சாக்கோடு வந்தார். ஒரு கிளை முழுவதும் காய்ந்து, தொட்டால் ஒடிந்தது. அக்கா காய்ந்த இலைகளைப் பெருக்கிக் கூட்டாமல் மடியில் பொறுக்கினாள்.

அவள் பெண்கள் கூட்டத்துக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் ஷைனியை வீடியோவில் கூப்பிட்டேன். போனைச் செடியின் பக்கம் திருப்பினேன்.

"மாமா, என்ன ஆச்சு இதுக்கு? இங்க எங்க தெரு முழுக்க நிக்குது, யாரும் திரும்பிக்கூடப் பாக்கதில்ல. நல்லாத்தான் இருக்கு. அம்மா என்ன போட்டாங்க?"

"என்ன போடல்லன்னு கேளு, மக்களே. எல்லுப்பொடியே ரெண்டு சாக்கு."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ மாமா! அதுல முழுக்க பாஸ்பரஸாக்கும். இதுக்கு பாஸ்பரஸ் ஆகாது. செத்துப் போயிரும்."

அந்தப் பெயரை அந்தக் கேட்டடியில் மறுபடி கேட்பேன் என்று நான் நினைத்திருக்கவில்லை. என் முகத்தைப் பார்த்து அவள் கேட்டாள், "அப்பா உங்கக்கிட்ட சொல்லவே இல்லியா?"

அவள் சொன்னது இது. பிரிஸ்பேனில் ஒருநாள் உங்களைச் செடிக்கடைக்குக் கூட்டிப் போனாளாம். அங்கே உரப் பைகள் அடுக்கியிருந்த இடத்தில் நீங்கள் நின்றுவிட்டீர்களாம். ஒரு பையில் இந்தச் செடியின் படம். இந்த நாட்டுச் செடிகளுக்கு பாஸ்பரஸ் ஆகாது, ஆகவே இதில் மிகக் குறைவு என்று எழுதியிருந்ததாம். நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து இரண்டாம் முறை வாசித்தீர்களாம். பிறகு சிரித்தீர்களாம். கடைக்காரர் ஓடிவந்து தண்ணீர் வேண்டுமா என்று கேட்கும் அளவுக்கு.

"அப்பா அப்பிடிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல மாமா. 'மோளே, எனக்கு இஞ்ச ஒரு சொந்தக்காரன் உண்டும்'னு சொன்னாங்க."

இதை ஏன் எங்களிடம் சொல்லவில்லை? அக்காவிடமாவது சொல்லியிருக்கலாமே? ஒரு வேடிக்கையைத் தனியாக வைத்துக்கொள்ளும் உரிமை பத்தியக்காரனுக்கு உண்டு என்று நினைத்தீர்களா? அல்லது, சொன்னால் அதையும் அக்கா பரிதாபமாகப் பார்ப்பாள் என்று பயந்தீர்களா?

பிறகு நான் உட்கார்ந்து படித்தேன். ஆஸ்திரேலியாவின் மண் மிகப் பழையது. மழை கழுவிக் கழுவிச் சத்தெல்லாம் போய்விட்ட மண். அதில் பாஸ்பரஸ் மணலில் விழுந்த உப்புக்கல் போல, இருக்கிறது, ஆனால் கிடைக்காது. அதற்காக இந்தக் குடும்பத்துச் செடிகள் தனியாக ஒரு வேர் வைத்திருக்கின்றன. மேல்மண்ணிலேயே கொத்துக் கொத்தாக, மயிர் போலச் சல்லிவேர்கள் புறப்பட்டு, ஒருவகை அமிலத்தைக் கசியவிட்டு, மண்ணைக் கரைத்து, இருக்கிற துளியையும் உறிஞ்சிக்கொள்கின்றன. எடுப்பதில் அப்படியொரு சமர்த்து. போதும் என்று நிறுத்த மட்டும் அவற்றுக்குத் தெரியாது. நிறுத்த வேண்டிய அவசியமே அவற்றின் முன்னோருக்கு வந்ததில்லை. கொடுத்தால் கொடுத்ததையெல்லாம் இழுத்து, இலைவரை ஏற்றி, அதிலேயே கருகிவிடும்.

நம் செம்மண்ணில் அது பிழைத்ததற்கும் காரணம் இருக்கிறது. செம்மண்ணின் இரும்பு, பாஸ்பரஸை இறுகப் பிடித்து வைத்துக்கொள்ளும். டென்னிசனின் கடை ஓடுவதே அதனால்தான். நீங்கள் அந்த அஸ்திவாரக் குவியலை யோசித்துத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள்.

எல்லாம் சரி. இதை அக்காவிடம் எப்படிச் சொல்வது? கொடுக்காமல் ஒருவரை அனுப்பிவிட்டேன் என்று அழுகிறவளிடம் போய், கொடுத்து இன்னொன்றை அனுப்பிக்கொண்டிருக்கிறாய் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் செடி போய்விடும். சொன்னால் அவள் போய்விடுவாள் என்று தோன்றியது.

அடுக்களையில் சாளை ஆய்ந்துகொண்டிருந்தாள். குடலும் செதிலும் பக்கத்தில் ஒரு வாளியில், செடிக்காக. நான் முக்காலியை இழுத்துப்போட்டு ஆஸ்திரேலிய மண்ணின் வயதிலிருந்து ஆரம்பித்தேன். மழை, மணல், சல்லிவேர், அமிலம். அவள் ஒரு மீன், இரண்டு மீன் என்று ஆய்ந்துகொண்டே கேட்டாள். பாஸ்பரஸ் என்ற சொல்லுக்கு நான் வந்தபோது கத்தி நின்றது.

"லே, சுத்தி வளைக்காத. நான் கொன்னுட்டனா?"

"எதை?"

"ரெண்டையும்."

வெளியே யாரோ மோட்டார் பைக்கை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பியதும் முக்காலியை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"செடிக்கு நீ குடுத்ததுதான் கேடு," என்றேன். "அதில சந்தேகம் இல்ல."

அவள் வாளியைப் பார்த்தாள். பிறகு கேட்டாள், "யாரும் ஒண்ணும் குடுக்காம இருந்தப்ப இது எப்பிடி இருந்தது?"

"பூத்துச்சு அக்கா. நீயும்தானே பாத்தே."

"ம்."

"அத்தானுக்கு அந்த டாக்டரு ஆரம்பத்துல என்ன கெடு சொன்னாருன்னு ஞாபகம் இருக்கா? அதுக்குப் பொறகு எத்தன கிறிஸ்துமஸ் கேக்கு வெட்டினாவ?"

"அதுலயும் ஒரு விரக்கடைதான் குடுத்தேன்," என்றாள். அவள் கையைக் கழுவினாள். முந்தானையில் துடைத்தாள். வாளியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்புறத்துத் தென்னைக்குக் கொட்டினாள். திரும்பி வரும்போது கையில் மண்வெட்டி இருந்தது.

"சும்ம இரிக்காம எந்திரிலே. மண்ணை மாத்தணும்."

வேர் அறுந்துவிடும் என்று மண்வெட்டியை வைத்துவிட்டு, மேல்மண்ணைக் கையாலேயே பறித்தோம். சாணி, புழுக்கை, சாளை எலும்பு, கட்டிகட்டியாக எல்லுப்பொடி; நம் ஊரின் அன்பு முழுவதும் அங்கே புதைந்து கிடந்தது. நாற்றத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை. அதன் அடியில் அந்தச் சல்லிவேர்க் கொத்துகள் தட்டுப்பட்டன. பாதி அழுகியும் பாதி வெளுத்தும் இருந்தன. அக்கா ஒன்றை மண் தட்டி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"பாத்தியா, மேலயும் பிரஷு, கீழயும் பிரஷு." அந்த மாசிக்குப் பிறகு அவள் எதையாவது ஆவலாகப் பார்த்தது அதுதான் முதல்முறை.

பறித்த இடத்தில் போட ஒன்றுக்கும் உதவாத மண் வேண்டும். அங்கேதான் சிக்கல். நம் பக்கத்தில் நல்ல மண் கேட்டால் எவரும் இரண்டு கூடை தருவார்கள். மோசமான மண் கேட்டுப் பாருங்கள். நான்கு வீடுகளில் ஏறி இறங்கினேன். "எங்க மண்ணு கொள்ளாதுன்னு எந்த நாயி சொன்னான்?" என்று ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டினார். இன்னொருவர், தன் தோட்டத்து விளையில் குச்சி நட்டால் துளிர்க்கும் என்று நிரூபிக்க என்னை அரைமணி நேரம் சுற்றிக் காட்டினார். கடைசியில் உரக்கடைக்குப் போனேன்.

"வோய் டென்னிசன், ஒரு சத்தும் இல்லாத்த மண்ணு எங்க கிடைக்கும்?"

அவர் கடை வாசலை எட்டிப் பார்த்தார். பிறகு என்னை உள்ளே இழுத்தார். "சத்தம் போடாதயும். எனக்க வெளையில வந்து எடுத்துக்கிடும்."

"உமக்க வெளையிலயா?"

"அப்பன் காலத்துல இருந்து ஒரு பிடி ஒரம் போட்டதில்ல வோய். விக்கியவனே அள்ளிப் போட்டா பொறகு விக்கியது எத? வெளிய பறஞ்சுபோடாதயும், கடையப் பூட்டணும்."

நான் யாரிடமும் சொல்லவில்லை. உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன். அவர் தன் எல்லுப்பொடி செய்த வேலையைக் கேட்டுத் துவண்டுபோய், தானே சாக்கில் மண் கட்டி, தானே சுமந்து வந்து கொட்டினார். மாவட்டத்திலேயே தரம் குறைந்த மண் அதுதான் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

வைகாசி நடுவில் இடவப்பாதி மழை வந்தது. செடிக்கு வேறொன்றும் செய்யவில்லை. ஒன்றும் செய்யாமல் இருப்பது எவ்வளவு கடினமான வேலை என்று எனக்குத் தெரியாமல் இருந்தது. அக்காவுக்குப் பழக்கம் இருந்தது. கேட்டருகே வருவாள், பார்ப்பாள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு திரும்பிப் போவாள். உங்கள் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்திலும் அவள் அப்படித்தான் நிற்பாள் என்பது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. நீங்கள் அரை வயிற்றோடு எழுந்திருக்கும்போது பின்னால் கட்டியிருந்த அந்தக் கைகளில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று என்றாவது யோசித்தீர்களா, அத்தான்?

இரண்டு கிளைகள் போயின. மூன்றாவது நின்றது. ஆடி முடியும்போது அதன் கணுவில் ஒரு தளிர், மஞ்சளாக இல்லாமல், வெள்ளியாகவே வந்தது. ஆவணியில் ஒரே ஒரு பூக்கொத்து. தண்டுகள் வளைந்து, பிடிபட்டு, பிறகு ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. தேன்சிட்டு வந்தது. யார் சொன்னார்கள் என்று இன்னும் தெரியவில்லை. இந்த முறை ஒரு காய் பிடித்திருக்கிறது. கடியப்பட்டணத்து மீன்பிடி வள்ளத்தைக் குன்றிமணி அளவுக்குச் சுருக்கி, முனையில் பழைய சூல்தண்டை வாலாக ஒட்டினால் எப்படியிருக்கும், அப்படி. ஒரு பக்கம் மட்டும் பிளக்குமாம். உள்ளே சிறகு வைத்த விதை இரண்டு இருக்குமாம். தன் பொடியைத் தானே எடுத்துக்கொண்டதா, வேறெங்கோ யாருக்கும் தெரியாமல் இன்னொன்று நிற்கிறதா? அக்கா இரண்டாவதைத்தான் நம்புகிறாள். தேன்சிட்டு எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தினமும் பார்க்கிறாள்.

போன வாரம் எஸ்தர் வந்தாள். ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே கையில் பை. உள்ளே எல்லுப்பொடி. அவளுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. மூன்று கிளை இருந்த இடத்தில் ஒன்று நிற்பதைப் பார்த்து, "எனக்க அண்ணனுக்க செடிய இப்பிடி எலும்பும் தோலுமா வெச்சிருக்கியே, மைனி!" என்று பையை அவிழ்த்தாள்.

அக்கா படியிறங்கி வந்தாள். செடிக்கும் பைக்கும் நடுவில் நின்று, கையைக் கவிழ்த்து விரித்தாள்.

"அதுக்கு ஆவாது. கொண்டு போ."

"ஒரு பிடி போட்டா செத்தா போவும்?"

"போவும்," என்றாள் அக்கா.

எஸ்தர் என்னைப் பார்த்தாள். பையைத் திரும்பக் கட்டினாள். அக்கா இன்னும் கையை எடுக்கவில்லை. உங்கள் இலைக்கு மேலே பார்த்த அதே கை. பந்தியில் எல்லோரும் பார்த்தார்கள். அதற்கு அடியில் இருந்தவர் நீங்கள் மட்டும்தான். அங்கிருந்து அது எப்படித் தெரிந்தது என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் தெரிந்துகொண்டிருப்பேன். இப்போது செடியிடம்தான் கேட்க வேண்டும்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு அக்கா நெத்திலிக் கருவாடு சுட்டாள். நீங்கள் போனபிறகு அந்த வீட்டில் அந்த வாசனை வந்தது அன்றுதான். எனக்கும் எஸ்தருக்கும் வைத்தாள். தனக்கும் ஒரு துண்டு வைத்துக்கொண்டாள். உங்களுக்கு வைக்கவில்லை.

அத்தான், உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நான் உயிரோடு இருக்கும்வரை உங்கள் செடிக்கு ஒன்றும் தர மாட்டேன். பிறர் தரவும் விடமாட்டேன். அக்கா இல்லாத நேரத்தில் கையைக் கவிழ்ப்பது என் பொறுப்பு. அந்தக் காய் வெடித்து விதை பறந்தால், முதல் கன்று டென்னிசனின் விளைக்கு.

இப்படிக்கு,
இப்போதெல்லாம் வெறுங்கையோடு வந்துபோகும்
உங்கள் மச்சினன்.